பெட்டிச் சக்கர மெஷினும் என் பதினாறும்

நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த கம்பெனி ஆண்டு விழா மலர் போடுகிறதாம். அங்கே இப்போது டிசைனில் இருக்கும் ஒரு இளம் எஞ்சினியர் வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருந்தார். "சார், உங்களுடைய டிரையல் அனுபவங்களை ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். உங்கள் கை வேகத்தைப் பற்றி இங்கே இன்னும் பேசுகிறார்கள்" என்று. கீழே கைகூப்பும் பொம்மை இரண்டு.

கை வேகம்! படித்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். மலரில் போடுவார்களோ, குப்பையில் போடுவார்களோ, அது அவர்கள் பாடு.

எங்கள் தொழில், கடையில் கிடைக்காத மெஷினைச் செய்து கொடுப்பது. பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர், ஒரு பொருளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். "இதை ஆள் வைத்துக் கையால் செய்கிறேன், மெஷின் வேண்டும்" என்பார். குக்கர் கைப்பிடிக்கு ரிவெட் அடிக்க ஒன்று, பேனா மூடியில் கிளிப் மாட்ட ஒன்று, ஊதுபத்தியை எண்ணிக் கட்ட ஒன்று. ஒரு முறை செய்ததை மறுமுறை செய்ய மாட்டோம். மும்பை செம்பூரில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் ஒர்க்‌ஷாப். மழைக்காலத்தில் கரண்ட் போகும், எலி ஒயரைக் கடிக்கும். ஆனாலும் அங்கிருந்து போன மெஷின்கள் குஜராத்தில் வாப்பி வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நான் தாராவியில் பிறந்தவன். முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடம், அப்புறம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு, இரண்டு இடத்தில் எடுபிடி வேலை, அதற்கப்புறம் இங்கே. என் படிப்பைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. மீதி எல்லாம் சுந்தரேசன் சாரிடம் கற்றதுதான். நல்லதையும் அவரிடம்தான் கற்றேன், கெட்டதையும் அவரிடம்தான்.

சார்தான் கம்பெனி முதலாளி, டிசைனரும் அவரே. மாட்டுங்காவிலிருந்து தினமும் எட்டரை மணிக்கு முன்னால் வந்துவிடுவார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு பென்சில், ஒரு ஸ்டாப்வாட்ச். அவர் கத்தி நான் கேட்டதில்லை. அளவு தப்பாக ஒரு பாகத்தைக் கடைந்து வைத்தால் திட்ட மாட்டார். அந்தப் பாகத்தை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடுவார். "கையில வெச்சுண்டு யோசி. நான் காபி குடிச்சுட்டு வரேன்" என்று போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் தப்பு எங்கே என்று நமக்கே தெரிந்திருக்கும். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அழுத்தும் மெஷின் எதுவானாலும் இரண்டு பொத்தான் வைக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் அமுக்கினால்தான் மேலேயுள்ள சிலிண்டர் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் உள்ளே மாட்ட வழியில்லை. அதோடு விடமாட்டார். பேனல் பெட்டிக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் ரிலே ஒன்றையும் போடுவார். அது இருந்தால் இரண்டு பொத்தானையும் அரை விநாடிக்குள் சேர்த்து அமுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் எடுத்துவிட்டுத் திரும்ப அமுக்க வேண்டும். ஒரு பொத்தானை எதையாவது வைத்து அமுக்கியே வைத்தால் மெஷின் அசையாது. புதிதாகச் சேருகிறவர்களிடம் சார் சொல்வார்: "ஆபரேட்டர் ஏமாத்துவான்னு நெனச்சு மெஷின் பண்ணு. நல்லவன்னு நெனச்சுப் பண்ணாதே. அவனுக்கு அவசரம் இருக்கும்."

இதை நான் வேண்டுமென்றேதான் இங்கே எழுதுகிறேன். அந்த மனிதருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

டிரையல் என்பது எங்களுக்குக் கல்யாண நாள் மாதிரி. மெஷினுக்குப் பொட்டு வைத்து, பேனல்மேல் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போடுவோம். பார்ட்டி வந்து நிற்பார். பத்து நிமிடம் ஓட்டிக் காட்டி, நிமிடத்துக்கு எத்தனை வருகிறது என்று நம்பர் எடுத்து, அந்தத் தாளில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டால் மெஷின் பாஸ். ஓட்டுகிறவன் பார்ட்டியின் ஆள் இல்லை. எங்கள் ஆள்தான் ஓட்டுவான். மெஷினைப் பூட்டியவனே ஓட்டினால்தான் நம்பர் வரும். பதினைந்து வருஷமாக அந்த ஆள் நான். மெஷின் எந்த நொடியில் மூச்சு விடும் என்பது எனக்கு அத்துப்படி. கை தானாகப் போகும். பார்ட்டிகள் வாயைப் பிளப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

கோவண்டியில் டிராலிப் பெட்டிகளுக்குச் சக்கரம் செய்யும் ஒரு சேட்டுக்கு அந்த மெஷினைச் செய்தோம். பிளாஸ்டிக் சக்கரத்தின் நடு ஓட்டையில் இரும்பு வளையத்தை அழுத்தி ஏற்ற வேண்டும். ஆபரேட்டர் சக்கரத்தைக் குழியில் வைத்து, மேலே வளையத்தை வைத்து, இரண்டு பொத்தானையும் அமுக்கி, ஏறியதும் எடுத்துப் போட வேண்டும். நிமிடத்துக்குப் பதினைந்து வந்தால்தான் எடுப்பேன் என்று சேட் சொல்லிவிட்டார்.

டிரையலுக்கு முதல்நாளே நான் இருநூறு வளையங்களை எடுத்து, ஓரத்துப் பிசிறை எல்லாம் எமரித் தாளில் தேய்த்து வழவழவென்று ஆக்கி வைத்தேன். எங்கள் இன்னொரு ஃபிட்டர் கணபத் என் இடப்பக்கம் நின்று, ஒவ்வொரு சக்கரத்தையும் சரியான முகம் மேலே வரத் திருப்பி என் கைக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. ஃபாக்டரியில் யாரும் வளையத்தைத் தேய்த்துத் தரப்போவதில்லை, சக்கரத்தைத் திருப்பித் தரப்போவதும் இல்லை. எல்லாருக்கும் தெரியும். டிரையல் என்றால் அப்படித்தான் என்று நாங்களும் சிரிப்போம், பார்ட்டியும் சிரிப்பார்.

அன்றைக்குப் பத்து நிமிடம் ஓட்டினேன். பதிமூன்றுதான் வந்தது. அந்த மஞ்சள் ரிலேதான் காரணம். வேகமாகப் போகும்போது ஒரு கை கொஞ்சம் முந்தினாலும் மெஷின் நின்றுவிடும். இரண்டு கையையும் எடுத்துத் திரும்ப அமுக்க வேண்டும். சேட் உதட்டைப் பிதுக்கினார். சார் என் பக்கத்தில் வந்து, முகத்தில் சிரிப்பு மாறாமல், தமிழில் சொன்னார்:

"முத்தையா, அந்த ரிலே தூங்கறது. அதைக் கழட்டிட்டு ஒயரை நேரா குடுத்துடு. நம்பர் வரட்டும். அனுப்பறதுக்கு முன்னாடி போட்டுடலாம்."

பார்ட்டிக்கு எது புரியக்கூடாதோ அதை எல்லாம் நாங்கள் தமிழில் பேசிக்கொள்வோம். அதுதான் அங்கே எங்கள் தாய்மொழியின் உபயோகம். "க்யா ஹுவா?" என்ன ஆயிற்று என்று சேட் கேட்டார். காற்றழுத்தம் கொஞ்சம் குறைவாம், இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும் என்று சார் இந்தியில் சொன்னார். நான் பேனலைத் திறந்து ரிலேயைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது தடவை பதினாறு வந்தது. சேட் கைதட்டினார். பேடா வந்தது. தாளில் பதினாறு என்று எழுதிக் கையெழுத்தானது. மத்தியானமே டெம்போ வந்து, தேங்காய் உடைத்து, மெஷினை ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் கோவண்டியில் மெஷினை இணைக்க நான்தான் போனேன். பேனலைத் திறந்ததும் ரிலே இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ரிலே செம்பூரில் என் டிராயரில். சாருக்கு ஃபோன் போட்டேன்.

"இப்போ போட்டா நம்பர் பதிமூணுக்கு வந்துடும், சேட் ஒத்துக்க மாட்டார். வாரண்டி விசிட்ல போட்டுக்கலாம்" என்றார்.

"சார், ஒரு பொத்தான கட்டிப் போட்டாலும் ஓடுமே."

"யார் கட்டப் போறா? ரெண்டு பொத்தான் இருக்கோல்லியோ? போறும்."

நான் பேனலைச் சாத்திப் பூட்டினேன். சாவியைத் திருப்பியது சார் இல்லை, நான். அவரைத் திட்டும்போதெல்லாம் இதையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

மெஷினை ஓட்டப் போகும் பெண்ணுக்கு நான்தான் பழக்கிக் கொடுத்தேன். பெயர் பேச்சியம்மாள். சீத்தா கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் சூப்பர்வைசரிடம் இந்தியில் பேசியதிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணாச்சி திருநெவேலிப் பக்கமா?"

"அப்பா அம்மைக்கு அந்தப் பக்கம். நான் தாராவி."

"எங்க சித்தி அங்கதான் இருக்கா. சொல்லுங்க அண்ணாச்சி, இது நிமிசத்துக்கு எத்தன வரும்?"

"பதினாறு."

"யாத்தே! யாரு ஓட்டுனா?"

"நான்தான்."

அவர் என் கைகளைப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பழகினா உனக்கும் வந்துரும்மா" என்றேன். கணபத் பக்கத்தில் நின்றதைச் சொல்லவில்லை. வளையம் தேய்த்ததையும் சொல்லவில்லை. வாயில் வரவே இல்லை.

மெஷினுக்குமேல் சூப்பர்வைசர் ஒரு கரும்பலகை மாட்டினார். மணிக்குத் தொள்ளாயிரத்து அறுபது என்று மேலே எழுதி, கீழே ஒவ்வொரு மணிக்கும் பேச்சியம்மாள் போட்ட எண்ணிக்கையை எழுதுவார். இரண்டு கையும் பொத்தானில் வைத்து ஓட்டினால் நிமிடத்துக்குப் பதினொன்று, மிஞ்சிப் போனால் பன்னிரண்டு. அதுதான் மனிதக் கை ஒரு நாள் முழுக்கச் செய்யக்கூடியது. பலகையில் எழுதியிருப்பது பதினாறின் கணக்கு. வாரண்டி விசிட்டுக்கு நாள் கேட்டு நான் இரண்டு தடவை ஃபோன் செய்தேன். லைனை நிறுத்த முடியாது, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நானும் அதோடு விட்டேன்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் சார் என் பெஞ்சுக்கே வந்து, "கோவண்டி மெஷின்ல ஒரு பொம்மனாட்டிக்குக் கை மாட்டிண்டுடுத்து. வா" என்றார்.

நாங்கள் போவதற்குள் மெஷினைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பேச்சியம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இடது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் முழுசாகப் போய்விட்டன, மோதிரவிரல் பாதி என்றார்கள். இடது பக்கப் பொத்தானை அமுக்கியபடி கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வலது கை பொத்தானை அடிக்க, இடது கை சும்மா இருக்குமே என்று அதே நேரத்தில் சக்கரத்தை வைத்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்படி ஓட்டினால் நிமிடத்துக்குப் பதினாலு வரும். ரிலே இருந்திருந்தால் அந்த டேப்பைச் சுற்றிய நிமிடமே மெஷின் நின்றிருக்கும்.

"காம் ஜல்தி கர்னே கே லியே குத் லகாயா" என்றார் சூப்பர்வைசர். வேலை சீக்கிரம் முடிய அவளே சுற்றிக்கொண்டாள் என்று.

எங்கள் சர்வீஸ் ரிப்போர்ட் தாளில் மூன்று கட்டம் உண்டு. என்ன பார்த்தாய், என்ன காரணம், என்ன செய்தாய். நான் முதல் கட்டத்தை எழுதிவிட்டு இரண்டாவதில் நின்றேன். என் பேனா அந்த நேரம் பார்த்து மக்கர் பண்ணியது. சார் தன் பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் பேனாவை நான் தொட்டதில்லை.

"டேப் சுத்தினது நாமளா?"

"இல்ல சார்."

"அப்போ அதை எழுது."

ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. ஆபரேட்டர் பாதுகாப்புச் சாதனத்தைக் கெடுத்ததே விபத்துக்குக் காரணம். அவர் மெதுவாக, எனக்கு எழுத்து தப்பாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவர் தன் பையைத் திறந்து மஞ்சள் ரிலேயை எடுத்தார். என் டிராயரிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்! "ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வரதுக்குள்ள போட்டுடு" என்றார். போட்டேன். மூன்றாவது கட்டத்தில் ஒன்றும் எழுதச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார், பேனலைப் பார்த்தார், ரிலே இருந்தது, போனார். யோசித்துப் பாருங்கள். டேப் சுற்றினால் ஓடவே ஓடாத மெஷினில் டேப் சுற்றியதால் விபத்து நடந்ததாக ரிப்போர்ட். ஒரு மனிதன், ஒரே ஒரு மனிதன், பொத்தானில் டேப்பைச் சுற்றி ஓட்டிப் பார்த்திருந்தால் எங்கள் குட்டு உடைந்திருக்கும். எவனுக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று எவனுக்கு அவசியம்?

பாதுகாப்பைத் தானே கெடுத்துக்கொண்டார் என்று ஆகிவிட்டால் நஷ்டஈடு கிடைப்பது குதிரைக்கொம்பு. என் கையெழுத்தைக் காட்டியே ஃபாக்டரி கையை விரித்துவிட்டது. பேச்சியம்மாள் கேஸ் போட்டார். கோபம் வந்து நான் வேலையை விட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. விடவில்லை. மறுநாள் எட்டரைக்குக் கார்டு பஞ்ச் பண்ணினேன். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் வேலை பார்த்து, சால்வை போர்த்திக்கொண்டு ரிட்டயர் ஆனேன். ஒன்று மட்டும் செய்தேன். அன்றிலிருந்து டிரையல் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூட்டு வலி என்று பொய் சொன்னேன். அவ்வளவுதான் என் வீரம்.

அந்தக் கேஸ் இன்னும் நடக்கிறது. மலருக்கு எழுதச் சொல்லி செய்தி வந்த அதே வாரத்தில், ரிப்போர்ட் எழுதியவன் என்ற முறையில் சாட்சி சொல்ல வரும்படி எனக்குக் கோர்ட் நோட்டீசும் வந்தது. எப்படித்தான் தெரிந்ததோ, மறுநாளே சார் ஃபோன் பண்ணிவிட்டார். வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"ரிப்போர்ட்ல இருக்கறதையே சொல்லிடு முத்தையா. வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

"ரிலே சார்?"

"அது இருந்துதே. இன்ஸ்பெக்டரே பாத்தாரே."

ஃபோனைச் சுவரில் அடித்து உடைத்திருப்பேன். உடைத்தால் நான்தான் வேறு வாங்க வேண்டும் என்பதால் வைத்துவிட்டேன். சார் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். படியுங்கள் சார். கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

நோட்டீசில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை சீத்தா கேம்ப்புக்குப் போனேன். பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வலது கையால் ஆய்ந்து, இடது கையின் மிச்சத்தால் தட்டைப் பிடித்திருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். உள்ளே கூப்பிட்டார், மகளை டீ போடச் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே ரிலே கதை முழுவதையும் சொன்னேன். கழற்றியது, பையில் போட்டது, பேனலைப் பூட்டியது, ரிப்போர்ட் எழுதியது, திரும்ப மாட்டியது. கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்றேன்.

அவர் அழுவார், திட்டுவார், செருப்பை எடுப்பார் என்று எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கீரை ஆய்வதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டேப்ப சூப்பர்வைசர்தான் சுத்துனாரு அண்ணாச்சி. நானும் வேண்டாங்கல. எண்ணிக்க ஏறுச்சுல்லா" என்றார். பிறகு, "அந்தப் பெட்டி கிட்டி எல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. நீங்க பதினாறு ஓட்டுனியளே, நாள் பூரா அப்பிடியே வந்துச்சா? சாயங்காலமும் அதே பதினாறா?"

"நாள் பூரா ஓட்டலம்மா."

"பெறவு?"

"பத்து நிமிஷம். சக்கரத்தத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்துல ஒரு ஆளு நின்னான்."

அவர் கீரைத் தட்டைக் கீழே வைத்தார்.

"பத்து நிமிசமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்போ ஞாயித்துக்கெழம எல்லாம் வீட்டுல பாட்டில் மூடிய அடுக்கி வச்சிப் பழகுனேன் அண்ணாச்சி. இந்தா, இவ போன்ல நேரம் பாப்பா. பன்னெண்டுக்கு மேல வரவே இல்ல. இத்தன வருசமும் என் கைதான் மந்தம்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்." அவர் எழுந்து நின்றார். குரல் அப்போதுதான் உயர்ந்தது. "கோர்ட்டுல மொதல்ல அதச் சொல்லுங்க. பெட்டிக் கதைய அப்புறம் சொல்லுங்க. பத்து நிமிசம்னு மொதல்ல சொல்லணும். இப்ப கெளம்புங்க."

மகள் டீ கொண்டுவந்தாள். குடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கிளம்பினேன்.

கோர்ட்டில் அடுத்த தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அங்கே சொல்லப் போவதை இங்கேயும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், என் கை வேகத்தைப் பற்றி இன்னும் பேசுகிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும். கோவண்டி மெஷினில் நான் எடுத்த பதினாறு, பத்து நிமிடத்துப் பதினாறு. எட்டு மணி நேரம் என்னை அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தால் நானும் டேப் சுற்றியிருப்பேன்.